நைனாவின் ரிப்போர்ட்டில் இருப்பது டேனரி குரோம் அல்ல

வாலாஜாவிலிருந்து ஒரு மகள் எழுதிய கடிதம் இது. பெயரையும் வீட்டு விவரங்களையும் எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் தருகிறேன்.

"டாக்டர் ஐயா, வணக்கம். எங்கள் நைனாவுக்கு 61 வயது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் 28 வருஷம் டிரம் ஓட்டியவர். ஆறு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஆளும் இளைத்துப்போனார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி தெரிந்தது. பயாப்சியில் கேன்சர் என்று வந்துவிட்டது. ஸ்கேனில் பக்கத்து நெறிகட்டிகளில் இருக்கிறது, கல்லீரலில் இல்லை என்கிறார்கள். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், மறுபடி கீமோ என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தனியார் லேபில் ஜீன் டெஸ்ட் எடுத்தோம். அதில் 'குரோமாட்டின் ரீமாடலிங் ஜீன் ஏரிட்1ஏ, ஃப்ரேம்ஷிஃப்ட் மியூட்டேஷன்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே சின்னதாக 'ஹெர்2 நெகட்டிவ், எம்.எல்.எச்.1 லாஸ், பி.எம்.எஸ்.2 லாஸ், எம்.எஸ்.ஐ. ஹை' என்று இருக்கிறது. உடம்பில் குரோம் ஏறித்தான் இது வந்தது, இந்த ரிப்போர்ட்டை வைத்துக் கம்பெனி மேல் கேஸ் போடலாம் என்கிறார் மாமா. இந்த ஜீனுக்கு மாத்திரை இருப்பதாக ஃபோனில் காட்டுகிறார். அது கிடைக்கும்வரை கீமோ வேண்டாம் என்றும் சொல்கிறார். மூன்று வாரம் ஓடிவிட்டது. எனக்கும் தம்பிக்கும் இந்த ஜீன் வந்திருக்குமா? நைனாவின் அக்கா, எங்கள் பெரியத்தையும் 'வயிற்றுக் கட்டி'யில்தான் போனார்."

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று வாரம் போதும். இந்த வாரமே நைனாவை அழைத்துக்கொண்டு ஓ.பி.க்குப் போய்விடுங்கள். சிகிச்சை தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது தடித்த எழுத்தில் இருக்கும் ஜீனைப் பற்றியது அல்ல. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன சின்ன எழுத்து வரியைப் பற்றியது. அதற்கு வருகிறேன். மாமா மனத்தில் குரோம் உட்கார்ந்திருக்கும்வரை வேறு எதுவும் காதில் விழாது என்பதால் முதலில் அதைப் பேசிவிடலாம்.

குரோமியம் வேறு, குரோமாட்டின் வேறு. இரண்டு பெயரும் நிறம் என்ற பொருளுள்ள ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை, அவ்வளவுதான் உறவு. 1797இல் பிரான்சில் வோக்லன் என்பவர் அந்த உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் உப்புகள் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பல நிறங்களில் இருந்ததால் குரோமியம் என்ற பெயர் வந்தது. ஏறக்குறைய 80 வருஷம் கழித்து ஜெர்மனியில் வால்தர் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார். செல்லின் உட்கருவுக்குள் ஒரு பொருள் மட்டும் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நிறம் பிடிக்கிற பொருள் என்பதால் அதற்குக் குரோமாட்டின் என்று பெயர் வைத்தார். அது டி.என்.ஏ.வும் அதைச் சுற்றிவைத்திருக்கும் புரதங்களும் சேர்ந்தது. அதில் குரோமிய உலோகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒவ்வொரு செல் உட்கருவிலும் அது இருக்கிறது.

பயாப்சி பார்ப்பதுதான் என் வேலை. வேலூரில் என் மேஜைக்கு வரும் கண்ணாடித் தகடு ஒவ்வொன்றிலும் இந்தக் குரோமாட்டினைத்தான் முதலில் பார்க்கிறேன், சாயம் ஏறி நீலமாகத் தெரியும். நைனா டிரம்மிலிருந்து எடுத்த தோலும் நீலமாகத்தான் இருந்திருக்கும். வெட் ப்ளூ என்பார்களே, அது. ஆனால் அந்த நீலம் குரோமிய உப்பால் வந்தது. இந்த நீலம் நாங்கள் ஊற்றும் சாயத்தால் வந்தது. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

அதற்காக மாமாவின் கோபத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன். பாலாற்றங்கரையில் வாழ்கிற யாருக்கும் அந்தக் கோபம் இருக்க வேண்டும். டேனரி டிரம்மில் போடுவது பெரும்பாலும் மூவிணைதிறன் குரோமியம். நச்சு அதிகமானது அறுவிணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலையின் கழிவு மேட்டில் இருப்பதும், மழைக்கு மஞ்சள் தண்ணீராக இறங்குவதும் அதுதான். அறுவிணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உறுதியாக நிரூபிக்கப்பட்டிருப்பது, அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய். இரைப்பைக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. தோல் தொழிலின் கழிவைப் பற்றி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்று. தண்ணீருக்காகவும் நிலத்துக்காகவும் வழக்குப் போட நியாயம் நிறைய இருக்கிறது. நைனாவின் ரிப்போர்ட்டில் குரோமாட்டின் என்று ஒரு சொல் இருப்பதை மட்டும் அதற்குச் சாட்சியாகக் கொண்டுபோகாதீர்கள். எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே நிமிடத்தில் அதைத் தள்ளிவிடுவார்.

சரி, குரோமாட்டினை மாற்றியமைப்பது என்றால் என்ன?

வாலாஜா, ஆரணி, குடியாத்தம் பக்கம் தறிக்குத் தார் சுற்றுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. நூலை அப்படியே குவித்துப்போட்டால் சிக்காகிவிடும். அதனால் தார்க்குச்சியில் சுற்றிவைக்கிறோம். ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது கண்ணுக்கே தெரியாத ஓர் உட்கருவுக்குள் அடங்கியாக வேண்டும். எனவே ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளையாக நிற்க, அதன்மேல் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றியிருக்கும். டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் எண்ணினால் ஒவ்வோர் உருளையிலும் 147 எழுத்து நீளம். அப்புறம் கொஞ்சம் இடைவெளி, பிறகு அடுத்த உருளை. இப்படிக் கோடிக்கணக்கில்.

சுற்றிவைத்தால் சிக்காகாது, ஆனால் படிக்கவும் முடியாது. இரைப்பைச் செல் ஒன்று அமிலம் சுரக்க வேண்டும் என்றால் அதற்குரிய ஜீன் இருக்கும் இடத்தில் நூல் கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். தேவையில்லாத ஜீன் சுற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்த இடத்தில் உருளையைத் தள்ளி நூலை வெளியே காட்டுவது, எந்த இடத்தில் மூடிவைப்பது என்று பார்த்துக்கொள்ளும் புரதக் குழுக்கள் இருக்கின்றன. குரோமாட்டினை மாற்றியமைக்கும் புரதங்கள் என்று ரிப்போர்ட்டில் சொல்வது இவற்றைத்தான். உருளையைத் தள்ள விசை வேண்டும், அதற்குச் செல்லின் எரிபொருளைச் செலவழிக்கின்றன. இந்தக் குழுக்களில் அதிகம் ஆராயப்பட்டதன் பெயர் ஸ்விட்ச்-ஸ்னிஃப். முதலில் கண்டுபிடித்தது ஈஸ்டில், ரொட்டிக்கும் கள்ளுக்கும் நுரை தருகிற அதே ஈஸ்ட். சர்க்கரையைப் புளிக்கவைக்கத் தெரியாமல் போன சில ஈஸ்ட் வகைகளை ஆராய்ந்தபோது, கெட்டுப்போயிருந்தது சர்க்கரை சம்பந்தமான ஜீனே அல்ல, அந்த ஜீனைத் திறந்துகாட்டும் குழு என்று தெரியவந்தது. மனிதரிலும் அதே குழு இருக்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஏதோ ஓர் உறுப்பு பழுதாகியிருக்கிறது.

ஏரிட்1ஏ அந்தக் குழுவில் ஓர் உறுப்பு. விசை கொடுக்கிற எந்திரம் அல்ல அது. குழு டி.என்.ஏ.வின் சரியான இடத்தில் போய் உட்கார உதவுகிற பெரிய புரதம். அது இல்லாமல் போனால் குழு தடுமாறும். இரைப்பைச் செல் இரைப்பைச் செல்லாக இருக்கத் தேவையான சில ஜீன்கள் மூடியே கிடக்கும், வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் சிலவும் வேலை செய்யாது. 2011, 2012 ஆண்டுகளில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இரைப்பைப் புற்றுநோயின் ஜீன்களை முழுக்கப் படித்துப் பார்த்தபோது இது அடிக்கடி கெட்டுப்போயிருப்பது வெளியே வந்தது. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும். பத்து நோயாளிகளில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை. ஆக, நைனாவுக்கு மட்டும் வந்த அபூர்வம் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது அந்தச் சின்ன எழுத்து வரி. எம்.எல்.எச்.1 லாஸ், பி.எம்.எஸ்.2 லாஸ், எம்.எஸ்.ஐ. ஹை.

செல் இரண்டாகப் பிரியும் முன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுப்பதில் பிழை வரும். ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களில் அதிகம் வரும். பாவில் ஒரே நிறத்து இழை ஏழு அடுத்தடுத்து வந்தால் எண்ணுகிறவர் எட்டாகவோ ஆறாகவோ விட்டுவிடுவார் இல்லையா, அதுபோல. ஓர் இழை தவறினால் அதற்கப்புறம் கரை முழுக்கத் தள்ளிப்போகும். ஜீனில் அப்படித் தள்ளிப்போவதற்குத்தான் ஃப்ரேம்ஷிஃப்ட் என்று பெயர். அந்த இடத்துக்குப் பிறகு புரதம் அர்த்தமில்லாததாகிப் பாதியில் நின்றுவிடும். நல்ல செல்லில் இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் முக்கியப் புரதங்கள் நான்கு உண்டு. அவற்றில் இரண்டு எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2. இரண்டும் ஜோடி. எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2 தனியாக நிலைக்காது, அதுவும் போய்விடும். நைனாவின் கட்டியில் நடந்திருப்பது அதுதான்.

இதை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். கட்டித் துண்டை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, எம்.எல்.எச்.1 இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகும்படி ஒரு சாயம் கொடுப்போம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கட்டிக்கு நடுவே சிதறிக்கிடக்கும் வெள்ளணுக்கள் ஒவ்வொன்றும் பழுப்பாக இருக்கும். நல்ல செல்கள், அவற்றில் புரதம் இருக்கிறது. அவற்றைச் சுற்றியிருக்கும் புற்றுச் செல்களின் உட்கருக்கள் மட்டும் வெறும் நீலமாக நிற்கும். சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்தப் பழுப்பு வெள்ளணுக்களே சாட்சி. அந்தப் படம் கண்ணில் பட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஏனென்றால் அந்த நோயாளியின் சிகிச்சைப் பாதையே மாறலாம்.

திருத்தும் ஆள் இல்லாத செல்லில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவியும். ஒரே எழுத்தோ சின்னத் தொடரோ திரும்பத் திரும்ப வரும் இடங்களின் நீளம் நிலையில்லாமல் மாறிக்கிடப்பதைத்தான் எம்.எஸ்.ஐ. ஹை என்கிறோம். ஏரிட்1ஏ ஜீனுக்குள் ஜி என்ற எழுத்து ஏழு முறை வரிசையாக வரும் இடம் ஒன்று உண்டு, இப்படிப்பட்ட கட்டிகளில் அடிக்கடி உடைகிற இடம் அது. நைனாவின் ரிப்போர்ட்டில் ஃப்ரேம்ஷிஃப்ட் என்று இருப்பதையும் எம்.எஸ்.ஐ. ஹை என்று இருப்பதையும் சேர்த்துப் படித்தால் முதலில் கெட்டது திருத்தும் புரதம், அதன் விளைவாக உடைந்தவற்றில் ஒன்று ஏரிட்1ஏ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லேப்காரர்கள் விளைவைத் தடித்த எழுத்தில் போட்டு, காரணத்தைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கிறது. குடும்பம் தடித்த எழுத்தைத் தேடித்தான் ராத்திரி முழுக்க ஃபோனில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. பிழை குவிந்த செல் அந்நியமாகத் தெரியும் புரதங்களைத் தயாரிக்கும். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதை எளிதில் அடையாளம் காணும். புற்றுநோய் அவற்றுக்குப் போடும் தடையை எடுத்துவிட்டால் அவை பாய்ந்துவிடும். இம்யூனோதெரபி என்பது அதுதான். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கலாம். பொதுவாக இரைப்பைப் புற்றுநோயில் இவை சுமாராகத்தான் வேலை செய்யும். எம்.எஸ்.ஐ. ஹை கட்டிகளில் பதில் பிரமாதமாக இருக்கும். பிரான்சில் நடந்த ஓர் ஆய்வில் இத்தகைய கட்டி இருந்த 32 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ இல்லாமல் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 29 பேரில் 17 பேருக்கு வெட்டி எடுத்த இரைப்பையில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் புறக்கணிக்க முடியாதது. இன்னொரு பக்கம், இந்த வகைக் கட்டிகளில் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் கீமோவின் பலன் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவு இல்லாமல் போகலாம் என்று பழைய ஆய்வுகளை மறுபடி அலசியதில் தெரியவந்தது. ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்களில் எம்.எஸ்.ஐ. ஹை உள்ளவர்களுக்கு முடிவு மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கிறது என்பதும் தெரியும்.

ஆகவே ஓ.பி.யில் கேட்க வேண்டியது இது: "டாக்டர், நைனாவுக்கு எம்.எஸ்.ஐ. ஹை என்று வந்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் முதலில் கீமோதானா? இம்யூனோதெரபியோ நேரடியாக ஆபரேஷனோ இவருக்குப் பொருந்துமா?" கீமோ என்று முடிவு செய்தபோது இந்த ரிப்போர்ட் அவர்கள் கையில் இருந்ததா என்பதே தெரியாது. தனியார் லேபில் எடுத்ததால் உங்கள் வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கலாம். அச்செடுத்துக் கையில் கொடுங்கள். பார்த்துவிட்டு அவர்கள் கீமோதான் என்று சொன்னால், நைனாவின் உடல்நிலை, கட்டியின் அளவு, அடைப்பு இருக்கிறதா என்று நான் பார்க்காத பலவற்றைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள், அதன்படி தொடங்கிவிடுங்கள். இம்யூனோதெரபி என்று முடிவானால் செலவைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். விலை அதிகம். மருந்துக் கம்பெனிகளின் உதவித் திட்டம் ஏதாவது உண்டா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் எது அடங்காது என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரிலும் சமூகப் பணியாளரிடமும் விசாரியுங்கள். பக்கவிளைவும் உண்டு. எதிர்ப்பு சக்தி அளவு மீறித் தைராய்டு, குடல், கல்லீரல், நுரையீரல் என்று தாக்கலாம். பேதி, மூச்சு வாங்குவது, அளவுக்கு மீறிய சோர்வு வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

மாமா ஃபோனில் காட்டிய மாத்திரை டசெமெட்டோஸ்டாட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2020இல் அமெரிக்காவில் எபிதீலியாய்டு சார்கோமா என்ற அபூர்வ நோய்க்கு அனுமதி பெற்றது. அந்த நோயில் இதே குழுவைச் சேர்ந்த வேறோர் உறுப்பு போய்விடுகிறது, அதனால்தான் தேடும்போது ஏரிட்1ஏயுடன் சேர்ந்து வருகிறது. ஏரிட்1ஏ இழந்த கட்டிகளுக்கு இதைப் போன்ற மருந்துகள் உதவுமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் இரைப்பைப் புற்றுநோயில் ஏரிட்1ஏ கெட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்க அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபரேஷன் செய்ய முடிகிற ஒரு கட்டியை முடியாததாக்கிவிடக்கூடும். மாமாவிடம் இதை நீங்களே சொல்ல வேண்டாம், ஓ.பி.க்கு அவரையும் கூட்டிப்போங்கள். இத்தனை ராத்திரி தேடியிருக்கிறார், அவர் கேள்விக்கும் நேரில் பதில் கிடைக்கட்டும்.

அப்புறம் உங்களையும் தம்பியையும் பற்றி. ஏரிட்1ஏ விஷயத்தில் பயம் வேண்டாம். அது கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம், விந்தணுவிலோ முட்டையிலோ ஏறி அடுத்த தலைமுறைக்கு வருவது அல்ல. பிறவியிலேயே அந்த ஜீன் கெட்டிருந்தால் குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு வரும், அது வேறு கதை.

ஆனால் எம்.எல்.எச்.1 அப்படி அல்ல. இரண்டு வழியில் அது போகலாம். வயது ஏற ஏற, நாள்பட்ட அழற்சியில், அந்த ஜீனின் முகப்பில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடலாம். நைனா வயதில் பெரும்பாலும் இதுதான். இது பிள்ளைகளுக்கு வராது. மற்ற வழி, பிறக்கும்போதே ஒரு பிரதி கெட்டுப்போய் வருவது. லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. பெருங்குடலிலும் பெண்களுக்குக் கருப்பையிலும் புற்றுநோய் வரும் அபாயம் கூடும்.

இங்கேதான் உங்கள் பெரியத்தை முக்கியமாகிறார். நம் பக்கத்தில் வயிற்றுக் கட்டி என்றால் எதுவாகவும் இருக்கலாம், இரைப்பை, குடல், கருப்பை, சினைப்பை, கல்லீரல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அத்தை வீட்டுக்குப் போய்ப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். டிரங்குப் பெட்டியிலோ பீரோ அடியிலோ மஞ்சள் பையில் இருக்கும், நம் வீடுகளில் யாரும் அதைத் தூக்கிப்போடுவதில்லை. இல்லாவிட்டால் மாமாவிடமோ அத்தை பிள்ளைகளிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வயதில் வந்தது? எந்த உறுப்பு? என்ன ஆபரேஷன், கருப்பையை எடுத்தார்களா? அத்தைக்கு 50 வயதுக்கு முன்னால் கருப்பையிலோ குடலிலோ வந்திருந்தால் அது பெரிய தடயம்.

கூடவே நைனாவின் கட்டியிலேயே எம்.எல்.எச்.1 மெத்திலேஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இருந்தால் உங்கள் இருவருக்கும் பெரும்பாலும் கவலை இல்லை. இல்லாவிட்டால், அல்லது அத்தையின் கதை சந்தேகப்படும்படி இருந்தால், முதலில் நைனாவின் ரத்தத்தில் பார்க்க வேண்டும். அவரிடம் இருந்தால்தான் உங்களுக்குப் பார்ப்பதில் அர்த்தம். வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், குடும்ப மரம் வரைந்து பொறுமையாகப் பேசுவார்கள். லிஞ்ச் என்று உறுதியானாலும் அது தண்டனை அல்ல. 20, 25 வயதிலிருந்தே ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்து, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். உங்கள் கல்யாணப் பேச்சில் இதை வைத்துக் குழப்பம் வருமோ என்று அம்மா பயப்படலாம். ரிசல்ட் வரும்வரை சொந்தக்காரர்களிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கும் தம்பிக்கும் நேரடியாகப் பலன் தருவது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. உலகம் முழுவதும் இரைப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் அதுதான். சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும். பல வருஷம் இரைப்பையைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். நான் சொன்ன மெத்தில் துணுக்குகள் இரைப்பைச் செல்களில் பல ஜீன்கள்மேல் ஏறவும் அந்த அழற்சி வழிசெய்கிறது. நைனாவுக்கு இருந்தால் உங்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். கொரியாவில் இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று 1,676 பேரை ஒன்பது வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். கிருமிக்கு மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது, எடுக்காதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு. சில நாள் மாத்திரையில் பாதிக்கு மேல் அபாயம் குறைகிறது என்றால் அதை விடக் கூடாது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். ரத்த ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம், பழைய தொற்றையும் காட்டிவிடும். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே பான்டப்ரசோல், ஓமெப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். தம்பி சிகரெட் பிடிப்பவர் என்றால் அதையும் இப்போதே விடச் சொல்லுங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ளுங்கள், உப்பு இந்தக் கிருமிக்குத் துணை.

கடைசியாக, மெத்திலேஷன் டெஸ்டுக்கும் வேறெந்த மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்டாலும் ரிப்போர்ட் மட்டும் போதாது, கட்டியின் மெழுகு பிளாக் வேண்டும். தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும், பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் அரிசி அளவுக்கு நைனாவின் பயாப்சித் துண்டு. பயாப்சி எடுத்த லேபில் எழுதிக்கொடுத்துக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். மே மாத வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஜன்னலோரம் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஒரு டிபன் பாக்ஸில் துணி சுற்றி வையுங்கள். பிளாக் எண்ணையும் ரிப்போர்ட் எண்ணையும் ஒத்துப்பார்த்துவிட்டு லேபை விட்டுக் கிளம்புங்கள்.

மெத்திலேஷன் ரிசல்ட் வந்ததும் அத்தை சீட்டில் இருந்ததையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத் தம்பிக்கும் உங்களுக்கும் அடுத்து என்ன என்று சொல்கிறேன்.